சந்தைப் பருப்பும் குளக்கரை வழியும்

"வாசல்ல வந்து நிக்கிற பருப்பை வேண்டாம்னு சொல்லிட்டு, அதே பருப்புக்காக ஒரு பகல் பூரா நடக்கிற மனுஷனை நான் இங்கதான் பாக்கேன். அண்ணாச்சி மிச்சம் பிடிக்கிற காசுல அண்ணாச்சி செருப்புக்கு ஒரு வார் வாங்க முடியுமா? காலி டின்னை வச்சுக்கிட்டு நான் எத்தனை நேரம் வாசலையே பாத்துக்கிட்டு நிக்கது?"

சொல்லி முடித்துவிட்டு தில்லைவனம் மூச்சு வாங்கினார்.

"இதுதான் மரகதம் சொன்னது. ஒரு சொல் கூட்டலை, ஒரு சொல் குறைக்கலை."

"நிக்கது-ங்கிறதை அவளை மாதிரியே இழுத்தீங்க" என்றார் அம்மை.

அம்மை முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மலையேறுகிறவர்களுக்கு மத்தியானம் ஒரு வேளை சோறு போடும் கல்மடம் அது. சமையல் மரகதம். சாமான் வாங்குவது தில்லைவனம். மடத்துக்குத் தலை அம்மை. அம்மைக்குத் தில்லைவனத்தைவிடப் பத்து வயது குறைவு. ஞானத்துக்கு வயது கிடையாது என்று தில்லைவனம் வருகிறவர்களிடம் சொல்வார். சொல்லும்போது கொஞ்சம் சங்கடப்படவும் செய்வார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. பொட்டல் சந்தையில கிலோவுக்கு நாலு ரூபாய் குறைவு. மடத்துக் காசு. அதை மிச்சம் பிடிக்கிறது தப்பா?"

"இல்லை."

"அப்போ மரகதம் சொல்றது தப்பு."

"அதுவும் இல்லை."

தில்லைவனத்துக்கு இந்த மாதிரி பதில்களைக் கேட்டால் எரிச்சல் வரும். இந்த மாதிரி பதில்களுக்காகத்தான் மடத்துக்கு வந்தோம் என்பது அப்போது நினைவுக்கு வராது.

"எனக்கு ஒரு கணக்கு வேணும்" என்றார்.

"என்ன கணக்கு?"

"இத்தனை ரூபாய் மிச்சம்னா இத்தனை தூரம் நடக்கலாம். அதுக்கு மேல நடக்கக் கூடாது. அப்படி ஒரு கணக்கு. அது இல்லாம நான் படுற பாடு உங்களுக்குத் தெரியாது. ரெண்டு கடைக்கு நடுவுல நின்னா நின்னபடியே நிக்கேன். இங்க வாங்கிட்டு வந்து படுத்தா, அங்க வாங்கியிருக்கலாமோன்னு தோணுது. அங்க வாங்கினா, இதுக்கா இவ்வளவு தூரம் போனோம்னு தோணுது."

அம்மை ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டார்.

"உங்களையே எடுத்துக்கோங்க" என்றார் தில்லைவனம். வேகம் வந்துவிட்டது. "கூடக் கொஞ்சம் காசு போட்டா கல்லில்லாத அரிசி கிடைக்கும். நீங்க உட்கார்ந்து பொறுக்கிறீங்க. உங்க நேரத்துக்கு விலை இல்லையா?"

"கல் இல்லைன்னா நான் எப்பவோ எழுந்து போயிருப்பேன். நீங்க யார்கிட்ட இதையெல்லாம் சொல்லுவீங்க?"

"சரி. போன மாசம் கீரைக்காரி சொன்ன விலைக்கு ஒரு கூடையையும் வாங்கினீங்க. பாதி வாடிப்போச்சு."

"ஆமா."

"பாய் கிழிஞ்சப்போ புதுசு வாங்குவோம்னு சொன்னேன். என்னைத் தைக்கச் சொன்னீங்க. ஒரு நாள் பூராப் போச்சு."

"ஆமா."

"இதுல எது சரி?"

"பாய் நல்லா இருக்கு" என்றார் அம்மை.

தில்லைவனம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இந்த நேரம் பார்த்து மரகதம் கரண்டியோடு வந்து நின்றாள். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். மடத்தில் எந்த வழக்கும் ஒரு பக்கத்தோடு முடிந்ததில்லை.

"நான் சொன்னதுல பாதியைத்தான் அண்ணாச்சி சொன்னாக. மிச்சத்தை நான் சொல்லுதேன். பேச்சி இருக்காள்ல, பருப்புக் கூடைக்காரி? அவ எங்க வாங்குதா? அதே பொட்டல் சந்தையில. இவுக சந்தையை விட்டுக் கிளம்புன பிறகுதான் அவ அங்க மூட்டையே கட்டுதா. தலையில அவ்வளவு பெரிய சுமை. அவ மத்தியானம் நம்ம வாசல்ல நிக்கா. இவுக ஒரு பையைத் தோள்ல போட்டுக்கிட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாறாக. இது எந்த ஊர் நடைன்னு கேளுங்க."

அம்மையின் விரல் அரிசியில் நின்றது.

"அவள் எப்படி முன்னால வர்றா?"

"அவ வயசு வேற" என்றார் தில்லைவனம்.

"அவளுக்கு உங்களைவிட நாலு வயசு கூட" என்றாள் மரகதம். "அவ பனையடிக்குளம் தெரு வழியா நேரா வாறா. இவுக குளக்கரையைச் சுத்தி வாறாக. பேச்சியே பாத்திருக்கா."

"கரையில காத்து வரும்."

"காத்து வாங்கவா போறாக? பருப்பு வாங்கப் போறாகன்னுல நினைச்சேன்."



மரகதம் கரண்டியை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டாள். வந்த வேலையை முடித்தாயிற்று. ஆனாலும் ஒரு செய்தி மிச்சம் இருந்தது.

"பேச்சிக்கும் பாவம், ஒரு வாடிக்கை போகுது. பனையடிக்குளத்துக் கடைசி வீட்டுக்காரங்க ஊரையே காலி பண்ணுதாங்களாம். அந்தப் பிள்ளையோட வீட்டுக்காரருக்கு வடக்க எங்கேயோ மில்லுல வேலை கிடைச்சிருக்காம். நாளைக்கு வண்டி ஏத்துதாங்க."

தில்லைவனம் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த வீடு?"

"கடைசி வீடுதான். வேப்பமரம் நிக்குமே. அண்ணாச்சிக்குத் தெருவே தெரியாதே, வீடு எங்க தெரியப் போகுது."

அவள் உள்ளே போய்விட்டாள். உலை பொங்கியிருக்க வேண்டும். அடுப்பைத் திட்டும் சத்தம் கேட்டது.

அந்த வீட்டில் இருப்பது தில்லைவனத்தின் மகள். பெயர் வடிவு. அப்பாவும் மகளும் பேசி ஐந்து வருஷம் ஆகிறது. மடத்தில் இது யாருக்கும் தெரியாது. கேட்டால், தனக்கு யாரும் இல்லை என்று தில்லைவனம் சொல்லியிருந்தார்.

"கணக்குக் கேட்டீங்களே" என்றார் அம்மை.

"அப்புறம் பேசிக்கலாம்மா."

"நாளைக்கு வியாழக்கிழமை. சந்தைக்குப் போவீங்கதானே?"

"போகணும்."

"போகணுமா?"

தில்லைவனம் எழுந்து போய், காலியாகக் கிடந்த பருப்பு டின்னைத் திறந்து பார்த்தார். காலியாகத்தான் இருந்தது. மூடி வைத்தார்.

மறுநாள் காலையில் அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அம்மை செருப்பை மாட்டிக்கொண்டு படியில் நின்றார்.

"நானும் வர்றேன்."

"வெயில் ஜாஸ்தியா இருக்கும்மா. தூரம்."

"நீங்க வாராவாரம் போறீங்களே."

"எனக்குப் பழக்கம்."

"எனக்கும் ஆகட்டும்."

இருவரும் நடந்தார்கள். பாதி தூரத்தில் பஸ் ஒன்று பின்னாலிருந்து வந்து, மெதுவாகி, இவர்கள் கை காட்டுவார்களா என்று பார்த்துவிட்டுப் போனது. அம்மை அது போவதையே பார்த்தார்.

"பஸ்ஸுல போனா மிச்சமே இருக்காதும்மா" என்றார் தில்லைவனம். "ரெண்டு பேர், போக வர டிக்கெட். பருப்பு பேச்சிகிட்ட வாங்கினதைவிடக் கூட ஆயிடும்."

"நான் ஒண்ணும் கேட்கலையே."

"பார்த்தீங்களே."

பனையடிக்குளத்துக்கு முன்னால் வழி இரண்டாகப் பிரிகிறது. நேராகப் போனால் தெரு. தெருவைத் தாண்டினால் சந்தை ரோடு. இடது பக்கம் ஏறினால் குளக்கரை. அது குளத்தை ஒரு பெரிய சுற்றுச் சுற்றி அதே சந்தை ரோட்டில் போய் இறங்கும்.

தில்லைவனம் இடது பக்கம் திரும்பினார்.

அம்மை திரும்பவில்லை. வழி பிரிகிற இடத்தில் இருந்த மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கால் வலிக்குது. நேரா போவோம்."

"அந்தத் தெருவுல நாய் இருக்கும்மா."

"என்ன நாய்?"

"கடிக்கிற நாய்."

"பேச்சியைக் கடிக்கலையா?"

"அவ அந்தப் பக்கத்து ஆளு. அதுக்குப் பழக்கம்."

"கம்பு எடுத்துக்குவோம்."

"தெருவுல சேறு."

"மழை பேஞ்சு மூணு மாசமாச்சு."

தில்லைவனம் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். ஒன்றுமில்லாத பை.

அம்மை அவரை அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தியிருந்தால் அவர் இன்னொரு பொய் சொல்லித் தப்பித்திருப்பார்.

"மகள் வீடும்மா" என்றார்.

"கடைசி வீடா?"

"ஆமா."

"யாரும் இல்லைன்னு சொன்னீங்க."

"நான் இல்லைன்னு அவ சொல்லிட்டா. அப்போ எனக்கும் யாரும் இல்லைதானே?"

"என்ன நடந்தது?"

தில்லைவனம் கீழே உட்கார்ந்தார். அம்மையைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"முதல் பிரசவம். தாய்வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். அவ அம்மா போய்ச் சேர்ந்துட்டா. நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும்."

"போகலையா?"

"கார் பேசப் போனேன். கொள்ளை விலை சொன்னான். வயித்துப் பிள்ளைக்காரியை பஸ்ஸுல ஏத்தவும் பயம். தெரிஞ்சவர் லாரி ஒண்ணு இந்தப் பக்கம் சரக்கு இறக்கிட்டுக் காலியாத் திரும்பும். முன்னால உட்கார நல்ல இடம், காசும் கிடையாது. வாரம் ஒரு தடவை வரும்னு சொன்னாரு."

"வந்துச்சா?"

"ஒரு வாரம் டயர் போச்சுன்னாங்க. மறுவாரம் லோடு இல்லைன்னாங்க. நானும் இன்னும் நாள் இருக்கு, இன்னும் நாள் இருக்குன்னு இருந்தேன். வீட்டைச் சுத்தம் பண்ணி வச்சிருந்தேம்மா. தொட்டில் கட்டக் கயிறு கூட வாங்கி வச்சிருந்தேன்."

"அப்புறம்?"

"முன்னாலேயே வலி வந்துட்டுது. மாமியா வீட்டுலேயே ஆச்சு. நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர்கூடக் கிட்ட இல்லை. சொந்த அப்பன் கூட்டிட்டுப் போகாத பிள்ளைன்னு அந்த வீட்டுல எத்தனை பேச்சு கேட்டாளோ."

"அவ உங்களை என்ன சொன்னா?"

"ஆள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினா. லாரி வந்தாச்சான்னு அப்பாகிட்ட கேளுங்கன்னு."

அம்மை சிரிக்கவில்லை.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்ல? அதுக்கு என்ன பதில் இருக்கு?"

ஒரு மினி லாரி அவர்களைத் தாண்டித் தெருவுக்குள் போனது. பின்னால் ஒன்றும் இல்லை. கயிறு மட்டும் சுருட்டிக் கிடந்தது. தில்லைவனம் எழுந்துவிட்டார். எழுந்ததே அவருக்குத் தெரியவில்லை.

"தெருவுக்குள்ள போக மாட்டீங்க" என்றார் அம்மை. "சரி. கரை வழி எதுக்கு? மலையடிவாரமா இன்னொரு வழி இருக்கே. இந்த ஊர்ப் பக்கமே வராம போகலாமே."

"கரையில..."

"காத்து வரும். சொன்னீங்க."

"கரை மேல நின்னா அவ வீட்டுக் கொல்லை தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒண்ணுமில்லை. கொடி. துணி காயும்."

"துணி."

"சின்ன கவுன் ஒண்ணு காயும். முதல்ல கைக்குட்டை மாதிரி இருந்துச்சு. இப்போ..." தில்லைவனம் கையைத் தன் முழங்காலுக்கு மேலே வைத்துக் காட்டினார். "இவ்வளவு ஆயிட்டுது."

அம்மை எழுந்தார். கை நீட்டினார்.

"பையைக் கொடுங்க."

"எதுக்கும்மா?"

"பருப்பு நான் வாங்கிட்டு வர்றேன். காசையும் கொடுங்க."

"உங்களுக்கு எதுக்கு அந்த வேலை? கால் வலிக்குதுன்னீங்க."

"வலி போயிட்டுது."

பை கைமாறியது. காசும் கைமாறியது. கை இரண்டும் சும்மா தொங்குவது தில்லைவனத்துக்கு என்னவோபோல் இருந்தது. இடுப்பில் வைத்தார், எடுத்தார்.

"சந்தையில எப்படி வாங்கணும்?" என்று அம்மை கேட்டார்.

"முதல் வரிசையில வாங்காதீங்க. அங்க எல்லாம் கூடச் சொல்லுவான். கடைசி வரிசைக்குப் போங்க. அவன் சொல்ற விலையைக் கேட்டுட்டு நடந்துடணும். கூப்பிடுவான். திரும்பிப் பார்க்கக் கூடாது. ரெண்டாவது தடவை கூப்பிடும்போது திரும்பணும்."

"எனக்கு அது வராது. யாராவது கூப்பிட்டா திரும்பிப் பார்த்துடுவேன்."

"அப்போ கேட்ட விலைக்கா கொடுப்பீங்க?"

"கொடுத்துடுவேன்."

"தராசைப் பாருங்கம்மா, அதையாவது பாருங்க. தட்டுக்கு அடியில கையை வச்சு அமுக்குவான்."

"எனக்குப் பருப்பைப் பார்க்கத்தான் தெரியும். தராசெல்லாம் தெரியாது."

"பேச்சி விக்கிற விலையைவிடக் கூடக் கொடுத்துட்டு வந்து நிப்பீங்களே."

"நிப்பேன். மரகதம் சிரிப்பா."

அம்மை கரையில் ஏறினார். மெதுவாகத்தான் ஏறினார், பையை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல், அதன் கைப்பிடிக் காதுகள் இரண்டும் தரையில் உரச.

"கணக்கு சொல்லலையேம்மா" என்று தில்லைவனம் கீழேயிருந்து கேட்டார்.

அம்மை கரை மேல் நின்று குளத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தார். வெயிலுக்குக் கையைக் குடை பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"கொடியில துணி இல்லை" என்றார்.

பிறகு நடக்க ஆரம்பித்தார்.

தில்லைவனம் நின்றார். அந்த நடைக்கு அம்மை சந்தைக்குப் போய்ச் சேரும்போது நல்ல பருப்பெல்லாம் போயிருக்கும். அடிமூட்டைப் பருப்பை அவர் தலையில் கட்டுவார்கள். மடத்துக் காசு. ஓடிப் போய்ப் பிடித்துவிடலாம். பையை வாங்கிக்கொண்டு, கடைசி வரிசைக்குப் போய், விலையைக் கேட்டு, நடந்து, இரண்டாவது தடவை திரும்பி, வாங்கிவிட்டு ஓடி வந்துவிடலாம். ஒரு வீட்டுச் சாமானை ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? கட்டில் இருக்கும், பீரோ இருக்கும். அதற்குள் வந்துவிடலாம்.

நாலு எட்டு கரைப்பக்கம் வைத்தார்.

தெருக்கோடியில் லாரியின் பின்பலகையைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

இன்னும் நாள் இருக்கு என்று அவர் வாய் தானாகச் சொன்னது. சொன்னது காதில் விழுந்தது.

திரும்பினார்.

தெருவில் நாய் எதுவும் இல்லை. இரண்டு பெண்கள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளிடம் ஏதோ சொன்னாள். தில்லைவனம் வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டார். தலையைத் தடவிக்கொண்டார். கையில் ஒன்றும் இல்லை. வழியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டாவது வாங்கியிருக்கலாம். பக்கத்தில் ஒரு கடைகூட இருந்தது. காசு முழுவதும் அம்மையிடம் போய்விட்டது.

வேப்பமரத்தடியில் லாரி நின்றது. பாதி ஏற்றியிருந்தார்கள். கட்டில் இருந்தது, கிரைண்டர் இருந்தது. டிரைவர் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்காரர் எங்கே?"

"கயிறு பத்தலைன்னு வாங்கப் போயிருக்காரு. நீங்க யாரு?"

தில்லைவனம் அவனுக்குப் பதில் சொல்லாமல் படியேறினார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே இரும்புப் பெட்டியை இழுக்கிற சத்தம்.

கதவைத் தட்டினார்.

"யாரு?"

வடிவுவின் குரல்தான். கொஞ்சம் தடித்திருந்தது.

"நான்தாம்மா."

பெட்டிச் சத்தம் நின்றது.

"யாரும்மா அது?" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. உடனே யாரோ வாயைப் பொத்தியதுபோல் அதுவும் நின்றது.

தில்லைவனம் கதவில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். தாழ்ப்பாள் அசையவில்லை. டிரைவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"வடிவு."

வேப்பம்பழம் ஒன்று லாரியின் மேல் விழுந்தது.

"நான் உள்ளே வரலைம்மா. உங்களை நிறுத்தவும் வரலை."

கதவில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"பிள்ளை பேர் என்னன்னு மட்டும் சொல்லும்மா."